தண்ணீர் கொடுக்காதீர்கள் என்று சொன்ன நாள்

நம் ஓட்டக் கழகத்தின் தண்ணீர்ப் பொறுப்பை ஏற்கப் போகிற தங்கச்சிமாருக்கும் தம்பிமாருக்கும்,

போன வெள்ளிக்கிழமை நீங்கள் ஆறு பேரும் என்னைச் சந்தித்தபோது கேட்ட முதல் கேள்வி, "ராத்தா, ஓடுற ஆளுக்கு எத்தின லீட்டர் தண்ணி?" என்பது. ஐந்து வருடமாக இந்தக் கேள்வியைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. செருப்புக் கடைக்குப் போய், "மனிசனுக்கு எத்தினையாம் நம்பர் செருப்பு?" என்று நீங்கள் யாராவது கேட்பீர்களா? தண்ணீர் என்றால் மட்டும் எல்லோருக்கும் ஒரே நம்பர் வேண்டும். அதையும் நான் உடனே சொல்ல வேண்டும்.

வேறு மாவட்டத்தில் வேலை கிடைத்துப் போகிறேன். இருபத்தொன்பது வயதில் ஓய்வு பெற்றவள் போல அனுபவம் எழுதுவது எனக்கே கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் போடுகிற முறையை நீங்கள் எந்தப் புத்தகத்திலும் படித்துக்கொள்ளலாம். கணக்குச் சரியாக இருந்தும் ஒருவர் நம் முன்னால் விழுந்த நாளைப் பற்றி நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். அன்றைக்கு நடந்ததில் என் பிழையும் இருப்பதால், அதை நானே சொல்லிவிடுவதுதான் முறை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். வாப்பா கடலுக்குப் போனவர்; பெயர் எழுத வேண்டிய இடத்தில் இன்றும் விரல் வைக்கிறவர். உடற்பயிற்சி விஞ்ஞானத்தில் பட்டம் எடுத்து வந்தபோது, மகள் என்ன படித்தாள் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. "ஓடுற ஆக்களப் பத்திப் படிச்சிருக்கா" என்று சாய்ந்தமருது முழுக்கச் சொல்லித் திரிந்தார். எனக்கு அந்தப் படிப்பில் பெருமை உண்டு. அதை மறைத்துப் பணிவாகப் பேச எனக்கு வராது. நான் போட்டுக் கொடுக்கும் தாளை ஊர் மதிக்க வேண்டும் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கணக்கு எளியது. ஓடுமுன் ஆளை நிறுக்க வேண்டும். ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு, வியர்வையைத் துடைத்துத் திரும்பவும் நிறுக்க வேண்டும். குறைந்த எடையோடு இடையில் குடித்ததைக் கூட்டினால், அந்த உடம்பு ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு தண்ணீரை வியர்வையாக விடுகிறது என்று தெரிந்துவிடும். குடிப்பது அதைத் தாண்டக் கூடாது. தாகம் எடுக்கும்போது குடித்தால் போதும்.

எளியதுதான். ஆனால் நிறுக்கத் தராசு வேண்டும். வீட்டில் வைத்திருக்கும் முள்ளுத் தராசு அரைக் கிலோவை மேலேயும் கீழேயும் காட்டும். கடைசியில் கடற்கரை மீன் வாடியிலிருந்து எலக்ட்ரோனிக் தராசு ஒன்றை இரவலாகக் கொண்டு வந்தேன். சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவியும் சூரை மீன் வாடை போகவில்லை. அதில் ஏறி நின்ற ஒவ்வொருவனும் தன் பங்குக்கு ஒரு பகிடி விட்டான்.

"ராத்தா, இண்டைக்கு நான் கிலோ என்ன விலை போறன்?"

"ஐஸ்ல வெச்சாத்தான் போவீங்க. சேர்ட்டுப் பைக்குள்ள என்ன கிடக்கு?"

பைக்குள் போன், வீட்டுத் திறப்புக் கொத்து, சில்லறை. முதல் தடவை அவ்வளவோடும் ஏறுவான். ஓடிவிட்டு வந்து எல்லாவற்றையும் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு ஏறுவான். நானும் எழுதிவைத்துக்கொண்டு, இவன் உடம்பில் இவ்வளவு தண்ணீர் போகிறதே என்று பயந்து, கூடுதலாகக் குடிக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவன் வயிறு வீங்கி வந்து என்னைத் திட்டியிருக்கிறான். பைகளைத் தடவிப் பாருங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு நிற்காதீர்கள்.

பெண்கள் ஆம்பிளைகளுக்கு முன்னால் தராசில் ஏற மாட்டார்கள். அது நியாயம். அதனால் மருதமுனையில் ஒரு முன்பள்ளி அறையில் திரை கட்டி அவர்களை நிறுத்தேன். அந்த முன்பள்ளியின் டீச்சர் றமீஸா. முப்பத்தாறு வயது, மூன்று பிள்ளைகள், சின்ன உடம்பு. அவருடைய மாமி தறியில் இருந்து இருந்து முதுகு வளைந்துபோனவர். அதைப் பார்த்துப் பயந்துதான் ஓடத் தொடங்கியதாகச் சொல்வார். மெதுவாக ஓடுவார், இடையில் நடப்பார், ஆனால் பாதியில் விட்டுவிட்டு வந்தது கிடையாது. அவருடைய வியர்வையும் குறைவு. மணித்தியாலத்துக்கு நானூறு மில்லிலீட்டர், அதுவும் தாகம் எடுத்தால் மட்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்தேன்.

"இவ்வளவுதானா? அவருக்கு எழுநூறு எழுதியிருக்கீங்க" என்றார், பக்கத்தில் நின்ற பெண்ணைக் காட்டி. பங்கு குறைந்துவிட்டதுபோல் முகம்.

"அது அவட வேர்வை, டீச்சர். இது உங்கட வேர்வை."

அந்தத் தாளை நான் சரியாகத்தான் எழுதினேன். இதை இங்கே ஒரு தரம் சொல்லிவிடுகிறேன்.

இனி என் பிழை. டீச்சருக்குத் தாள் எழுதிய அந்த வருடம்தான் முதல் தடவையாக நாற்பத்திரண்டு கிலோமீற்றர் ஓட்டம் வைத்தோம். கல்முனையில் தொடங்கி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் தாண்டி அட்டாளைச்சேனைப் பக்கம் போய், அதே வீதியால் திரும்பி வர வேண்டும். அதற்கு முந்திய வருடத்துச் சின்ன ஓட்டத்திலேயே எங்கள் மேசைகளில் தண்ணீர் முடிந்து, ஓட்டக்காரர் கடைகளில் போத்தல் வாங்கிக் குடித்தார்கள். எனக்கு அது பெரிய மானக்கேடு. இந்தத் தடவை அப்படி நடக்கக் கூடாது என்று, வழியிலுள்ள பள்ளிவாசல்களுக்கு ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். ஜும்மாவுக்குப் பிறகு ஒரு அறிவித்தல் சொல்லக் கேட்டேன். அவர்கள் நான் கேட்டதைவிட அழகாகச் சொன்னார்கள்: வெயிலில் ஓடி வருகிற நம்முடைய பிள்ளைகளின் தாகத்தைத் தீர்ப்பது பெரிய நன்மை, வீதியோரத்து வீடுகள் தங்களால் முடிந்ததைச் செய்யுங்கள்.

நம்முடைய ஊர்களிடம் தண்ணீர் கொடுங்கள் என்று சொன்னால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியாதா? நான் இந்த ஊரில் பிறந்தவள். தெரிந்தும் யோசிக்கவில்லை.

அன்று காலையில் சுபஹுத் தொழுகை முடிந்து ஓட்டம் தொடங்கியபோதே வாசல்களில் மேசைகள் வந்துவிட்டன. சாய்ந்தமருதில் நன்னாரிச் சர்பத். நிந்தவூரில் செவ்விளநீர் வெட்டிக் குலை குலையாக அடுக்கியிருந்தார்கள். ஒரு வீட்டில் ஐஸ் போட்ட தண்ணீருக்குள் ரோசாப்பூ இதழ். அதைக் கேள்விப்பட்டுக் காரைதீவில் தமிழ் ஆட்கள் மோர்ப் பானைகளை வைத்தார்கள். நான் மோட்டார் சைக்கிளில் போய் எல்லாவற்றையும் படம் எடுத்தேன். சந்தோஷத்தில் கண் கலங்கியது. மடைச்சி.

வேகமாக ஓடுகிறவர்களுக்கு இதனால் ஒரு கெடுதலும் வரவில்லை. அவர்கள் கையை ஆட்டிவிட்டுப் போனார்கள். நடந்தும் ஓடியும் வருகிறவரால் அப்படிப் போக முடியாது. ஒரு வாசலில் ஒரு தாய் இரண்டு கையாலும் கோப்பையை நீட்டிக்கொண்டு, "குடிச்சிட்டுப் போங்க டீச்சர், பிஸ்மி சொல்லி ஒரு மிடறு" என்று நிற்கும்போது, வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டில் வாங்கிக் குடித்தால் முதல் வீட்டுக்காரி அதை மறக்க மாட்டாள். எல்லா வீட்டிலும் குடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வீட்டிலும் குடிக்கக் கூடாது. றமீஸா டீச்சர் எல்லா வீட்டிலும் குடித்தார்.

ஆறு மணித்தியாலத்துக்கு மேலாகியது. வெயில் தலைக்கு நேரே வந்துகொண்டிருந்தது. முடிவுக் கோட்டைத் தாண்டி நடந்து வந்த டீச்சர், என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரித்த வாய் மூடுமுன் குனிந்து தரையில் சத்தி எடுத்தார். நான் ஓடிப்போய்ப் பிடித்து, கதிரையில் இருத்தி, பிளாஸ்டிக் கோப்பையில் தண்ணீர் கொடுத்தேன். ஓம், நான்தான் கொடுத்தேன். ஐந்து வருடம் படித்தவள். வெயில், ஓட்டம், மயக்கம் என்றதும் என் கையும் ஊரில் எல்லோருடைய கையும் போலத் தண்ணீருக்குத்தான் போனது.

அதை வாங்கிக் குடித்துவிட்டு அவர் கேட்டார், "புள்ளைகள ஊட்டுக்கு அனுப்பிட்டீங்களா?"

"எந்தப் பிள்ளைகள் டீச்சர்?"

"மணி அடிச்சிட்டே. தாய்மார் வெளிய நிக்கிறாங்க."

அவர் தன்னுடைய முன்பள்ளியில் இருந்தார். நெற்றியைத் தொட்டேன், உடம்பு கொதிக்கவில்லை. நாக்கு வறளவில்லை. கையைப் பிடித்துப் பார்த்தேன். விரல்கள் பிட்டுக் குழல் மாதிரி உப்பியிருந்தன. காலையில் தளர்வாகக் கிடந்த மணிக்கூட்டுப் பட்டி மணிக்கட்டுக்குள் புதைந்திருந்தது. தண்ணீர் இல்லாமல் காய்ந்த உடம்பு இப்படி ஊதாது.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. அவருடைய கணவர் நவாஸ் மோட்டார் சைக்கிளைப் போட்டபடி விட்டுவிட்டு ஓடி வந்தார். கையில் ஒரு போத்தல்.

"குடுக்க வேணாம்" என்றேன்.

"என்ன?"

"தண்ணி குடுக்க வேணாம், நவாஸ் காக்கா. ஒரு சொட்டும் குடுக்க வேணாம். அவவ நிறுக்கணும்."

அந்த இடத்தில் நான் இன்னொரு மொழியில் பேசியதுபோல் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள்.

"மனிசி சாகக் கிடக்கா, இவ தராசு தேடுறா."

"அதுவும் மீன் தராசு."

"புள்ள, ஒங்கட படிப்பப் பொறகு காட்டுங்க. முதல்ல வாய நனைங்க."

"நாய்க்கும் தண்ணி குடுக்கிற ஊரு இது. நீங்க யாருட மகள்?"

யாருடைய மகள் என்று கேட்டதும் எனக்கு எரிந்தது. பதில் சொல்ல நின்றிருந்தால் அன்றைக்கு வேறு மாதிரி முடிந்திருக்கும். உங்களுக்கும் அப்படிக் கேட்பார்கள். யாருடைய மகன், யாருடைய மகள், கலியாணம் முடித்ததா, எங்கே படித்தது. ஆள் விழுந்து கிடக்கும்போது இதற்கெல்லாம் பதில் சொல்லாதீர்கள்.

நான்கு பெண்களைக் கூப்பிட்டு முந்தானையால் மறைவு பிடிக்கச் சொன்னேன். காலையில் ஓட்டக்காரரை நிறுக்கக் கொண்டு வந்த தராசு பக்கத்தில்தான் கிடந்தது. இரண்டு பேர் டீச்சரைத் தூக்கி அதில் நிறுத்தினார்கள். "இப்ப கைய எடுங்க" என்றேன். எடுக்கப் பயந்தார்கள். "எடுங்க, நான் முன்னால நிக்கிறன், விழ விட மாட்டன்." மூன்று விநாடி கையை எடுத்தார்கள்.

காலையில் ஐம்பத்தொரு கிலோ முந்நூறு. இப்போது ஐம்பத்திரண்டு கிலோ தொள்ளாயிரம்.

நாற்பத்திரண்டு கிலோமீற்றர் ஓடிய ஒரு சின்ன உடம்பு, ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கூடி வந்திருக்கிறது. சேர்ட்டுப் பையில் திறப்புக் கொத்து இல்லை. நானே தடவிப் பார்த்தேன். இரத்தத்தில் உள்ள உப்பு அந்தத் தண்ணீரில் கரைந்து ஐதாகிவிட்டது. மிஞ்சிய தண்ணீர் மூளைக்குள் போய் வீங்க வைக்கத் தொடங்கியிருந்தது. அதனால்தான் முன்பள்ளி மணி கேட்டது. அடுத்து வலிப்பு வரும். அதற்கு அடுத்ததை நான் நினைக்க விரும்பவில்லை.

அம்புலன்ஸ் வந்தது. அதில் வந்த தம்பி நல்ல பிள்ளை, கையில் சேலைன் பையோடுதான் இறங்கினான்.

"தம்பி, அத ஏத்தாதீங்க. அதுலயும் தண்ணிதான் கூட."

"மிஸ், மயங்கின ஆள சும்மா கொண்டு போனா எனக்குத்தான் ஏச்சு."

"ஆஸ்பத்திரிக்குப் போன் அடிங்க. டொக்டரோட நான் கதைக்கிறன்."

போனை எடுத்த வைத்தியர் பெயரைக்கூடச் சொல்லவில்லை. நான் இரண்டு எடையையும் சொன்னேன். கை ஊதியிருப்பதையும், ஆள் தடுமாறிக் கதைப்பதையும் சொன்னேன். "சேலைன் வேண்டாம். வாயாலும் ஒன்றும் வேண்டாம். உடனே கொண்டு வாங்க" என்றார். என் பேச்சை வழியில் யாராவது மாற்றிவிடுவார்கள் என்ற பயத்தில், டீச்சரின் ஓட்ட இலக்கத் துணியின் பின்பக்கம் இரண்டு எடையையும் பெரிய எழுத்தில் எழுதி, கீழே 'தண்ணீர் கொடுக்க வேண்டாம்' என்று எழுதிக் குத்தினேன். அதைப் பார்த்த ஒரு கிழவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அம்புலன்சுக்குள் நவாஸ் எனக்கு எதிரில் இருந்தார். டீச்சர் கண்ணை மூடியபடி, "தண்ணி, மச்சான், தண்ணி" என்றார். தாகம் இருந்ததா, பழக்கத்தில் கேட்டாரா, இன்றும் தெரியாது. நவாஸ் என்னைப் பார்த்தார். போத்தல் இன்னும் அவர் கையில்தான்.

"கேக்குறா."

"கேக்கட்டும், காக்கா."

"நீங்க பொம்புளதானே?"

நான் போத்தலுக்குக் கையை நீட்டினேன். அவர் போத்தலைத் தரவில்லை. மூடியை இறுக்கிக் காலடியில் வைத்தார். அப்போது என் தரப்பில் இருந்தது ஒரு மீன் தராசும் ஒரு டொக்டரின் குரலும் மட்டும்தான். நான் பிழையாக நினைத்திருந்தால் ஒரு மனிதருடைய மனைவியைத் தாகத்தோடு போகவிட்டவள் என்று இந்த ஊர் என்னை ஆயுளுக்கும் சொல்லும். அது எனக்குத் தெரிந்திருந்தது. வழி முழுக்க டீச்சருடைய மூச்சை எண்ணிக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள். உப்பு மிகவும் குறைந்திருந்தது. செறிவான உப்பு நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். விறாந்தையில் குடும்பத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் நிறைந்துவிட்டார்கள். ஒருவரும் எனக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. வைத்தியர் வெளியே வந்து, "தண்ணீரை நிறுத்தியது யார்?" என்று கேட்டார். அவ்வளவு பேரும் என்னைக் கைகாட்டினார்கள். குற்றவாளியைக் காட்டுகிற கை அது. "எத்தனை மணிக்கு நிறுத்தினீங்க?" என்றார். சொன்னேன். எழுதிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நல்லது என்றோ கெட்டது என்றோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும் நேரத்தில் டீச்சர் கண் விழித்து, பிள்ளைகள் மூன்று பேரின் பெயரையும் ஒழுங்காகச் சொன்னார். தாதி வந்து சொன்னபோது எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். நான் விறாந்தையில் கிடந்த மர வாங்கில் இருந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து நவாஸ் வந்து வாங்கின் மற்றத் தலைப்பில் இருந்தார். அவரிடம் சொல்ல வேண்டியதை அப்போது சொல்லாவிட்டால் பிறகு சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"காக்கா, பள்ளியில அறிவிக்கச் சொன்னது நான்தான். தாளில அவவுக்கு நானூறு எண்டு எழுதிட்டு, ஊர் முழுக்கத் தண்ணி குடுங்க எண்டு நான்தான் சொன்னன். ரெண்டையும் அவ கேட்டிருக்கா. கடைசிக் கோப்பையும் நான் குடுத்ததுதான்."

ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன்.

"நானும் குடுத்தன்" என்றார்.

"என்ன?"

"பின்னால பைக்ல வந்தன்தானே. ஒவ்வொரு பாலத்தடியிலயும் நிப்பாட்டி ஒரு போத்தல் குடுத்தன். போதும் மச்சான், வயிறு முட்டிட்டு எண்டா. நான் விடல்ல. 'அந்தப் புள்ள ஒனக்குக் குறைச்சு எழுதியிரிக்கி, நீ குடி' எண்டன்."

அவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் அந்த வாங்கில் பொழுது பட்டு மஃரிப் வரைக்கும் இருந்தோம்.

உங்களிடம் தந்துவிட்டுப் போகிற தாளில் எடைக்கு ஒரு வரி, வியர்வைக்கு ஒரு வரி, நேரத்துக்கு ஒரு வரி இருக்கிறது. அவற்றை எந்தப் படித்த ஆளும் நிரப்புவார். கடைசியில் ஒரு வரி இருக்கிறது: 'ஓடும்போது உங்களுக்கு வேறு யார் யார் தண்ணீர் தருவார்கள்?' அது அடுத்த நாள் காலையில் நான் சேர்த்தது. கேட்டால் சிரிப்பார்கள். ஒருவரும் இல்லை என்பார்கள். கணவன் இல்லையா, மாமி இல்லையா, நிந்தவூரில் பெரியம்மா வீடு இல்லையா என்று பெயர் பெயராகக் கேளுங்கள். பெயர் வரும். அந்தப் பெயர்களுக்குப் போன் அடித்துக் கதைத்த பிறகுதான் அந்த ஆளுக்கு நீங்கள் நம்பர் எழுத வேண்டும். அந்த வரியை வெறுமையாக விட்டுவிட்டு வருகிற ஆளை, அது உங்கள் கூடப்பிறந்த காக்காவாக இருந்தாலும், ஓட விடாதீர்கள்.